பெரிய மரத்து அடிமண்

அன்று காலை நிலத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், பக்கத்து நிலத்துக்காரர் பாக் சாலே. வராதவன் என் அண்ணன் முரளி. செலாயாங் மொத்தச் சந்தையில் லோரி ஓட்டுகிறான். "லோடு இருக்குடா, வர முடியாது," என்று போனில் சொல்லிவிட்டான். அவனுக்கு அன்று விடுமுறை என்பது எனக்குத் தெரியும். ஏன் பொய் சொன்னான் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

முதல் நிரையின் நடுவில் நின்ற ஒரு ரப்பர் மரம். மரம் என்று சொல்வது அப்பாவின் ஆசை. மூன்று வயதுகூட ஆகவில்லை, என் மணிக்கட்டைவிடச் சற்றே பருத்த தண்டு. இலைகள் பச்சை வெளுத்து, ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு, கவிழ்த்த படகுகள்போல் தொங்கின. நுனியில் மட்டும் கொத்தாகப் பூ.

அப்பா குந்தி உட்கார்ந்து சங்கோல் மண்வெட்டியால் அடிமண்ணைக் கொத்தி விலக்கினார். இரண்டு கொத்துக்குப் பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கையால் அள்ளினார். மணல், அள்ள அள்ளச் சரிந்து மூடியது. அம்மா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சரியும் மணலை இரண்டு கையாலும் தடுத்துப் பிடித்தார்.

ஆணிவேர் தெரிந்தது. அதன் மேல் வெள்ளை நூல்கள், தட்டையாக வேரோடு ஒட்டி, கிளைத்துக் கிளைத்துக் கீழே இறங்கின. ஈரச் சாக்கின் வாடை வந்தது.

"மெக்னீசியம் கொறைச்சலா இருக்கும்னு நெனச்சேன்பா," என்றேன். என் பையில் அந்த உரம் ஒரு பொட்டலம் இருந்தது.

அப்பா நகத்தால் வேர்ப்பட்டையைக் கீறினார். உள்ளே கட்டை, தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"வெள்ளை வேரு," என்றார்.

பாக் சாலே தொப்பியைக் கழற்றினார். "அக்கார் பூத்தே," என்று அதையே மலாயில் சொன்னார். ரப்பர் பயிரிட்ட எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வேரைத் தின்னும் பூஞ்சை அது. மண்ணுக்கடியில் வேருக்கு வேர் தாவும். மேலே இலை மஞ்சளாகும்போது அடியில் எல்லாம் முடிந்திருக்கும்.

மற்றவர்களின் மரங்கள்

இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினேன், பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் என் அறையைப் பற்றி எழுதினேன். அப்பாவின் நிலத்தைப் பற்றி மட்டும் எழுதாமல் வாரம் வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். இனியும் தள்ள முடியாது.

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு மரம் வெட்டப் போனார். மரம் வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் சாய்ப்பது அல்ல. பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.

"எத்தனை ஆயிரம் மரத்துல பால் எடுத்திருப்பேன். ஒண்ணுகூட என்னோடது இல்ல," என்பார்.

"ஏன், நான் ஒங்க சொந்தம் இல்லியா?" என்பார் அம்மா.

"நீ சொந்தம்தான். ஆனா மரமாவது மழை பேஞ்சா லீவு கொடுக்கும்."

மழை நாளில் பால் வெட்ட மாட்டார்கள். பால் வடியும் மங்கில் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுவிடும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாட்களெல்லாம் மழை நாட்கள். சம்பளம் இல்லாத நாட்களும் அவையே என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நாங்கள் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அப்பா சுபாங் ஜெயாவில் ஒரு கொண்டோவுக்குக் காவல்காரர் ஆனார். தோட்டத்து முனியாண்டியும் இடம் மாறினார். பூசாரி பழைய இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கிள்ளானில் கட்டிய புதிய பீடத்துக்கடியில் வைத்தார். பிடிமண் வந்தால் சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பழைய கோயிலைச் சுற்றி நின்ற சில ரப்பர் மரங்களை மட்டும் வீடு கட்டியவர்கள் ஏனோ தொடாமல் விட்டுவிட்டார்கள். பயமாக இருக்கலாம்.

காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா தன் சேமிப்பை எடுத்து நாலு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். யாரும் சீண்டாத நிலம். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய லம்பம். தோண்டி, கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். லாலாங் புல்கூட அங்கங்கே திட்டாகத்தான் முளைத்தது. எவ்வளவு மழை பெய்தாலும் கொஞ்ச நேரத்தில் ஈரம் காணாமல் போகும். மத்தியானம் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

முரளி பார்த்துவிட்டு, "ப்பா, பீச்சைப் புடிச்சிருக்கீங்க. கடல்தான் மிஸ்ஸிங் லா," என்றான்.

அப்பாவுக்கு அது உறைக்கவில்லை. ஒரே ஒரு காரியம் அவருக்கு வேண்டியிருந்தது. சாவதற்குள் தன் சொந்த மரத்தில் கத்தி வைக்க வேண்டும்.

மரத்துக்குள் இன்னொரு மரம்

எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன். படித்ததும் மண்ணைப் பற்றித்தான். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. வேர்களைக் கழுவுவது, வேகவைப்பது, நீலச் சாயத்தில் ஊறவைப்பது, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது.

எதை எண்ணுகிறேன் என்று அப்பாவுக்கு விளக்கியது ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது.

"வேர்ல ஒரு பூஞ்சை இருக்கும்பா. காளான் வகை."

"காளானா? காளான் வந்தா மரம் செத்துரும்டா. இதுக்கா அவ்வளவு படிச்ச?"

"அது வேற. இது வேரைத் திங்காது. வேருக்குள்ளயே குடியிருக்கும். முடியைவிட மெல்லிசா நூல் விட்டு, வேர் போக முடியாத எடத்துக்கெல்லாம் போய்ச் சத்து எடுத்துட்டு வந்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் பதிலுக்கு அதுக்குச் சர்க்கரை கொடுக்கும்."

"அப்ப வாடகைக்கு இருக்கு."

"அப்படித்தான்."

"ஒழுங்கா வாடகை கட்டுதா?"

"நம்மள விட ஒழுங்காப்பா."

அப்பா சிரித்துவிட்டார். நான் போனில் ஒரு படத்தைக் காட்டினேன். நீலச் சாயம் ஏறிய வேரின் ஓர் உயிரணுவுக்குள் அந்தப் பூஞ்சை கிளை விட்டு நின்றது. தண்டு, கிளை, கிளைக்குக் கிளை. அப்பா படத்தை விரலால் பெரிதாக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மரத்துக்குள்ள ஒரு மரம்," என்றார்.

"ஆமா."

"இது எங்கடா கெடைக்கும்?"

"நல்லா வளந்த மரத்து அடிமண்ணுல எல்லாம் இருக்கும்பா. லம்பத்து மணலைத் தோண்டிக் கழுவித் தள்ளுனாங்க இல்ல, அதுல அங்க இல்லாமப் போச்சு. நாமதான் கொண்டுபோய்ச் சேக்கணும். லேப்ல இருக்கு, நான் கொண்டு வரேன்."

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஆய்வுக்கூடத்தில் சுத்தமான மணலில் மக்காச்சோளம் வளர்த்து, அதன் வேர்களில் இந்தப் பூஞ்சையைப் பெருக்கி, வேரும் மணலுமாகக் காயவைத்து வைத்திருப்போம். ஒரு சோதனைக்குப் போக மிஞ்சியதை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கினேன். பார்க்கத் தவிடு மாதிரி இருக்கும். ஒரு கன்றுக்கு ஒரு கரண்டி, வேரில் படும்படி. பையை அப்பாவிடம் கொடுத்து, எப்படிப் போடுவது என்று செய்தும் காட்டினேன்.

நட்ட நாளில் நான் இல்லை. வேலை விஷயமாக ஜொகூருக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைத் தள்ளிப்போடச் சொன்னேன். வளர்பிறை முகூர்த்தத்தை விட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். முரளி லீவு போட்டு வந்து நட்டுக் கொடுத்தான்.

மந்திரம் போட்டியா?

கன்றுகள் பிழைத்தன. பிழைத்தது மட்டுமில்லை, முதல் வறட்சியைத் தாண்டின, தளிர் மேல் தளிராக விட்டன. நான் சில வேர்களை வெட்டிக்கொண்டுபோய்ச் சாயமேற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் நீலம். படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அதுவரை முனியாண்டி இருந்த இடத்தில், அவர் போன் திரையில், அந்தப் படம் வந்தது.

பாக் சாலேயின் ரப்பர் எங்கள் கடைசி நிரைக்கு அடுத்து நிற்கிறது. அவர் நிலம் நல்ல செம்மண். வேலியோரம் வந்து நின்று, "என்ன மந்திரம் போட்டே, சாமி?" என்று மலாயில் கேட்பார். அப்பா தன் மகன் என்று என்னைக் கை காட்டுவார். "அனாக் சாயா. சயின்டிஸ்ட்."

நான் சயின்டிஸ்ட் இல்லை. வேர் கழுவுகிறவன். அதை அப்பாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அதான்டா சயின்டிஸ்ட்டு," என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் அம்மாவின் போன் வந்தது. வேலை முடிந்து, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி அறைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, மரம் பூத்திருச்சுடா! மூணு வயசுகூட ஆகல, அதுக்குள்ள பூத்திருச்சு! கற்பூரம் காட்டிட்டேன்."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். "இலை எப்படிம்மா இருக்கு?"

"நான் பூவைச் சொல்றேன், நீ இலையைக் கேக்குற."

"சொல்லுங்கம்மா."

"லேசா மஞ்சளா இருக்கு. வெயிலுக்கு."

வயதுக்கு முன்னால் பூக்கிற மரம், சாகிறதற்கு முன்னால் விதை போட்டுவிடப் பார்க்கிற மரமாகவும் இருக்கலாம். இதைப் படித்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மெக்னீசியமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உரக்கடையைத் தேடிப் போனேன்.

எங்கிருந்து வந்தது

அன்று காலை அந்த ஒரு மரத்தோடு நிற்கவில்லை. அடுத்ததைத் தோண்டினோம். அதற்கடுத்ததை. இலை பச்சையாக நின்ற மரங்களின் அடியிலும் வெள்ளை நூல் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது அப்பா தோண்டுவதை விட்டுவிட்டு, நிரைகளுக்கு நடுவே சும்மா நடந்தார்.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. வெள்ளை வேர் காற்றில் பறந்து வந்து கன்றைக் கொல்வது அபூர்வம். முன்பு செத்த மரத்தின் கட்டையில், அழுகிய வேரில் அது காத்துக்கொண்டிருக்கும். இந்த நிலத்தில் செத்துப்போக ஒரு மரம்கூட இருந்ததில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்த மணல். எங்கள் நிலத்துக்கு இருந்த ஒரே நல்ல குணம் அதுதான்.

"இது இங்க தானா வர முடியாதுப்பா," என்றேன். "யாரோ எங்கேருந்தோ கொண்டாந்திருக்கணும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

"சொல்லிருங்க," என்றார் அம்மா.

அப்பா கையிலிருந்த மணலைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தார்.

"ஒன் பை சின்னதா இருந்துச்சுடா. ஒரு கரண்டின்னு சொன்ன. இவ்வளவு நெலத்துக்கு எப்படிப் பத்தும்னு எனக்கு மனசு கேக்கல. நீதானே சொன்ன, நல்ல மரத்து அடிமண்ணுல அது இருக்கும்னு."

"சொன்னேன்."

"சாமியே ஒரு பிடி மண்ணுல வந்துருச்சு. இது வராதா? முரளி லோரிய எடுத்துக்கிட்டு நம்ம பழைய எஸ்டேட்டுக்குப் போனோம். முனியாண்டி கோயில் பெரிய மரம் இருக்கில்ல, நான் வெட்டுன மரம். கும்பிட்டுட்டு அதோட அடிமண்ண சாக்குல அள்ளிட்டு வந்தோம். ஒன் மருந்தோட சேத்து, குழிக்கு ஒரு பிடி வச்சேன்."

"எனக்கு ஏன்பா சொல்லல?"

"நீ சிரிப்பேன்னாரு," என்றார் அம்மா.

நான் சிரித்திருக்க மாட்டேன். அது அவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

"அந்த மரத்துல ஒரு எலைகூட மஞ்சளா இல்லடா," என்றார் அப்பா. "சுத்திச் சுத்திப் பாத்துட்டுத்தான் கை வச்சேன். எத்தனை வருசமாப் பாக்குறேன் நான், எனக்குத் தெரியாதா சீக்கு மரம் எதுன்னு?"

பெரிய மரம் நோயை அடிவேரில் வைத்துக்கொண்டு பல காலம் பச்சையாக நிற்கும். சுற்றிலும் வெட்டிச் சாய்த்த தோட்டத்தின் வேர்கள் அந்த மண்ணில் அழுகிக் கிடந்திருக்கும். சாக்கில் அள்ளும்போது சுண்டுவிரல் அளவு துண்டு வந்தால் போதும். நல்ல பூஞ்சையும் அந்த மண்ணில் இருந்திருக்கும். இரண்டும் ஒரே பிடியில் வந்திருக்கும்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "நாத்துப் பையிலகூட வந்திருக்கலாம்பா. நாத்துப் பண்ணைக்காரன் எந்த மண்ணைப் போட்டானோ," என்றேன்.

"எனக்காகச் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

அப்பா நிலத்தின் கோடியைக் கை காட்டினார். "அந்தக் கடைசி ரெண்டு நிரைக்கு எஸ்டேட் மண்ணு பத்தல. ஒன் மருந்து மட்டும்தான் போட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பாக் சாலேக்குத் தமிழ் தெரியாது, அவரும் திரும்பினார். கடைசி இரண்டு நிரைகளும் கரும்பச்சையாக நின்றன. காற்றில் இலைகள் அசைந்தன.

பச்சையாக நின்றவை

மேலதிகாரிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். நூல் இப்போதுதான் தொட்ட மரமென்றால் மருந்து ஊற்றலாம், அடிக்கட்டை வரை அழுகியதை ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஊற்றினால் நாம் போட்ட நல்ல பூஞ்சையும் அடிபடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அது போய்விட்டால் இந்த மணலில் மரத்துக்கு யார் சோறு போடுவது?

கடைசி நிரைகளில் இரண்டு மரத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். வேர் சுத்தமாக, பழுப்பாக, உறுதியாக இருந்தது.

"ப்பா, இதைக் காப்பாத்திரலாம். நடுவுல ஆழமா டிரெஞ்ச் வெட்டிட்டா வேர் தாண்டி வராது."

"எஸ்டேட்லயும் டிரெஞ்ச்தான் வெட்டுனாங்க. நான்தான் வெட்டுனேன். தாண்டி வந்துச்சு." வேலியைப் பார்த்தார். "இதுக்கு அந்தாண்ட பாக் சாலே மரம். எனக்கு வந்தது அந்த ஆளுக்கு வரக்கூடாது. எல்லாத்தையும் எடுத்துரு."

பாக் சாலேயிடம் நான் மலாயில் சொன்னேன். அவர் பதறிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தார். "ஜாங்கான் லா, சாமி. நல்லா இருக்கிறதை ஏன் பிடுங்குற? என் மரத்தை நான் பாத்துக்கிறேன்." அப்பா தலையாட்டிக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. குரலை உயர்த்தினேன். நாற்பது ஐம்பது மரமாவது மிஞ்சும், அதிலாவது அவர் கத்தி வைக்கலாம் என்றேன். அம்மா என்னை லோங்கான் வாய்க்கால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"விட்டுர்றா."

"என்னம்மா நீங்களும்?"

"பாக் சாலே ஒரு காரணம்தான். அந்த ரெண்டு நிரை நின்னுச்சுன்னா, அதுக்கு மண்ணு வைக்கல, அதனால பொழைச்சுச்சுன்னு தெனம் அதையே பாத்துக்கிட்டு நிப்பாரு. மனுசன் தாங்க மாட்டாரு."

அடுத்த வாரம் எஸ்கவேட்டர் வந்தது. முரளியும் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், உடைந்த வேர்களைத் துண்டு விடாமல் பொறுக்கிக் குவித்தான். ஒருமுறை மட்டும் என் பக்கத்தில் வந்து, "எனக்கு என்னடா தெரியும், அப்பா கூப்டாரு, போனேன்," என்றான். "தெரியும்ணே," என்றேன். குவியலுக்குத் தீ வைத்தோம். சீக்கு வேர் ஈரத்தில் நன்றாக எரியவில்லை, புகைந்தது.

கடைசி நிரைகளுக்கு வந்ததும் வண்டி ஓட்டிய தம்பி இயந்திரத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "அங்கிள், இது நல்லா இருக்கே?"

"எடு, தம்பி."

நோய் பிடித்த மரங்கள் சத்தமில்லாமல் சாய்ந்திருந்தன. இவை சாயவில்லை. மணலைக் கவ்விக்கொண்டு நின்றன. இழுத்தபோது தண்டு பாதியில் முறிந்தது, முறிந்த இடத்திலிருந்து பால் கொட்டியது. அப்பா போய் ஒன்றின் பக்கத்தில் குந்தினார். பாலைச் சுட்டுவிரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அது திரண்டு நூலானது.

"நல்ல கெட்டிப் பால்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

திரும்பும்போது முரளியின் லோரியில் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நிலத்தைச் சில வருஷம் சும்மா போட்டுவிட்டு மறுபடியும் நடலாம், எஸ்டேட் மண் இல்லாமல், லேப் பை மட்டும் போட்டு, என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். நடக்கக்கூடிய காரியம்தான், புத்தகத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"சும்மா போடறது சில வருசம். அப்புறம் மரம் வெட்டுக்கு வர ஆறேழு வருசம்," என்றார் அப்பா. "அப்ப எனக்கு என்ன வயசுடா?"

யாரும் கணக்குப் போடவில்லை. வீட்டுக்குக் கீழே லோரி நின்றதும் அப்பா இறங்காமல் உட்கார்ந்திருந்தார். குத்தகைப் பணம், கன்று, வேலி, உரம், இன்றைக்கு வந்த வண்டி, எல்லாவற்றுக்கும் அவர் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டியது நான்தான் என்பதால் என்னைக் கேட்டார். இத்தனை காலத்தில் அவர் அதைக் கேட்டதேயில்லை.

"மொத்தமா எவ்வளவுடா ஆச்சு?"

குறைத்துச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் உண்மைதான் வந்தது.

"நாப்பத்தாறாயிரத்து எண்ணூத்தி அம்பது வெள்ளிப்பா."